குத்தகைக்குப் போன வெண்ணெய்: அயர்லாந்து நாட்குறிப்பு

வெள்ளி, டப்ளின்

காலின்ஸ் பாரக்ஸ் ஒரு காலத்தில் ராணுவக் குடியிருப்பு, இப்போது அருங்காட்சியகம். உள்ளே பழைய நாற்காலிகள், வெள்ளிப் பாத்திரங்கள், சீருடைகள் என்று நிறைய இருக்கின்றன. நான் போனது அவற்றுக்காக அல்ல, கட்டடத்துக்கும் லிஃபி ஆற்றுக்கும் இடையில் கிடக்கும் புல்வெளிக்காக. உருளைக்கிழங்கு அழுகி அயர்லாந்தே பட்டினி கிடந்த பஞ்சத்தின் நடுவே, 1847 ஏப்ரலில், இங்கேதான் ஒரு கொட்டகை போட்டுக் கஞ்சித்தொட்டி திறந்தார்கள். நடத்தியவர் அலெக்சிஸ் சோயர், லண்டன் ரிஃபார்ம் கிளப்பின் தலைமைச் சமையற்காரர், பிரெஞ்சுக்காரர். பிரபுக்களுக்கு விருந்து சமைத்துக்கொண்டிருந்தவரை, அப்போது அயர்லாந்தை ஆண்ட பிரிட்டிஷ் அரசாங்கம் பஞ்சத்துக்கு அழைத்து வந்தது.

மணி அடித்தால் நூறு பேர் உள்ளே வரவேண்டும். நீளமான மேசைகளில் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் சங்கிலி போட்ட கரண்டி. குடித்து முடித்தவர்கள் மறுவாசல் வழியாக வெளியேறும்போது கையில் ஒரு துண்டு ரொட்டி. உடனே அடுத்த மணி, அடுத்த நூறு பேர். சோயரின் சூப்புக்குக் கணக்கு இரண்டு காலன் தண்ணீருக்குக் கால் பவுண்டு மாட்டிறைச்சி. நம் அளவில் ஒன்பது லிட்டருக்கு நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேல். கூடவே வெங்காயம், டர்னிப் தோல், கொஞ்சம் மாவு, பார்லி. திறப்பு விழாவுக்குச் சீமான்களும் சீமாட்டிகளும் வந்தார்கள். ஏழைகள் சாப்பிடுவதை வேடிக்கை பார்க்க ஐந்து ஷில்லிங் கட்டணம். அந்தப் பணமும் தருமக் கணக்கில்தான் சேர்ந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சோயரைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அந்தக் கோடையில் அரசாங்கம் நாடு முழுக்கத் திறந்த கஞ்சித்தொட்டிகளில் ஒரு நாளைக்குச் சுமார் 30 லட்சம் பேர் சாப்பிட்டிருக்கிறார்கள். பஞ்சத்தின் நடுவே அரசாங்கம் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான் என்பது என் எண்ணம். இலையுதிர்காலம் வந்ததும் இழுத்து மூடிவிட்டார்கள். இனி அந்தந்த ஊர் வரிப்பணத்தில் அந்தந்த ஊர் ஏழைகளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவு.

கூட வந்திருப்பவர் செல்வா. நுவரெலியாக்காரர், டப்ளினில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். வண்டி அவருடையது, ஓட்டுவதும் அவர்தான். பெட்ரோலும் சாப்பாடும் என் பொறுப்பு.

சனி, ஸ்ட்ரோக்ஸ்டவுன்

ராஸ்காமன் மாவட்டத்தில் ஒரு பெரிய பண்ணை மாளிகை. தேசியப் பஞ்ச அருங்காட்சியகம் இதன் வளாகத்தில்தான் இருக்கிறது. அதைவிட என்னை நிறுத்தி வைத்தது மாளிகையின் சமையலறை.

கூரை நல்ல உயரம். மேலே சுவரை ஒட்டி மரக் கைப்பிடியோடு ஒரு நடைபாதை. வீட்டு அம்மாள் கீழே இறங்கி வரமாட்டார். திங்கட்கிழமை காலையில் மேலே நின்று, அந்த வாரம் முழுவதற்குமான உணவுப் பட்டியலைக் கீழே நிற்கும் சமையற்காரிக்குப் போடுவார். கீழே சூட்டடுப்பு, இறைச்சி சுழற்றும் கம்பி, வரிசையாகச் செப்புப் பாத்திரங்கள். மேலே நின்றால் எல்லாம் தெரிகிறது, வாசனை மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்திருக்கும். வழிகாட்டிப் பெண் இதைச் சொன்னபோது கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள்.

1845-இல் உருளைக்கிழங்கில் கருகல் நோய் வந்தது. நீலகிரி விவசாயிகளுக்கு அது தெரிந்த நோய்தான்: ஒரு வாரம் மழையும் மூட்டமுமாக இருந்தால் இலை கறுத்து, மண்ணுக்குள் கிழங்கு கூழாகிவிடும். முதல் வருடம் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை போனது. 1846-இல் கிட்டத்தட்ட எல்லாமே போனது. அந்த ஆகஸ்டில் இந்தப் பண்ணையின் குடியானவர்கள், க்ளூனஹீ என்ற ஊர்க்காரர்கள், மாளிகைக்கு எழுதிய மனு ஒன்று கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. கிழங்கு அழுகிவிட்டது, தானியம் இல்லை, பிள்ளைகள் பசியில் அழுவதை இனியும் எங்களால் தாங்க முடியாது என்கிறது. மிரட்டல் கிடையாது. வேலை கொடுங்கள் என்றுதான் கேட்கிறார்கள்.

பண்ணை மேஜர் டெனிஸ் மேஹன் என்பவர் கையில் இருந்தது. அவருடைய காரியஸ்தர் ஒரு கணக்குப் போட்டார்: இத்தனை பேரை ஏழைகள் விடுதியில் வைத்து வரி கட்டுவதைவிட, கப்பல் கூலி கொடுத்துக் கனடாவுக்கு அனுப்புவது மலிவு. 1847 மே மாதம் 1,490 பேர் இங்கிருந்து கால்வாய்க் கரையோடு நடந்தே டப்ளினுக்குப் போனார்கள். 165 கிலோமீட்டர். அங்கிருந்து லிவர்பூல், பிறகு க்யூபெக் கப்பல். நூற்றுக்கணக்கில் காய்ச்சலிலேயே போய்விட்டார்கள். நவம்பரில் மேஜரை வழிமறித்துச் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கால்வாய்ப் பாதை இப்போது மலையேற்றக்காரர்கள் நடக்கும் பாதையாகிவிட்டது. வழிநெடுக வெண்கலத்தில் சின்னக் குழந்தைக் காலணிகளை வைத்திருக்கிறார்கள்.

இந்தக் காகிதங்களெல்லாம் பிழைத்ததே ஒரு தற்செயல். 1979-இல் உள்ளூர் வியாபாரி ஒருவர் லாரி நிறுத்த நிலம் வேண்டும் என்று பண்ணையை வாங்க, மாளிகைக்குள் கட்டுக்கட்டாகப் பழைய கடிதங்களும் கணக்குகளும் கிடந்திருக்கின்றன.

ஞாயிறு, லூயிஸ்பர்க் பக்கம்

இன்று ஜூலை மாதத்தின் கடைசி ஞாயிறு. க்ரோ பேட்ரிக் புனித மலைக்கு யாத்திரையாக ஆயிரக்கணக்கில் ஏறுகிறார்கள், சிலர் வெறுங்காலோடு. வெஸ்ட்போர்ட்டிலிருந்தே போக்குவரத்து நெரிசல். நாங்கள் ஏறவில்லை. செல்வாவுக்கு முழங்கால் வலி, எனக்கு அந்தச் சாக்குப் போதுமானதாக இருந்தது.

இந்த ஞாயிறுக்கு அடுப்படிக் கணக்கு ஒன்றும் உண்டு. பழைய கிழங்கு மே, ஜூனோடு தீர்ந்துவிடும். புதுக்கிழங்கு ஆகஸ்டில்தான். இடைப்பட்ட காலத்தைப் பசி ஜூலை என்பார்கள். முட்டைக்கோஸ் ஜூலை என்றும் ஒரு பெயர். ஏனென்றால் இருந்தது அது ஒன்றுதான். கடன் வாங்கி ஓட்ஸ் மாவு தின்றார்கள். நெட்டில் கீரை பறித்தார்கள். வயலோரத்துக் காட்டுக் கடுகைக்கூட விடவில்லை. கடலோரத்துக்காரர்கள் பாறையில் ஒட்டிய சிப்பியைக் கத்தியால் நெம்பி எடுத்தார்கள். ஆண்கள் ஸ்காட்லாந்து, இங்கிலாந்து அறுவடைக்குப் போய்விட, வீட்டைப் பூட்டிக்கொண்டு பெண்களும் பிள்ளைகளும் தெரிந்த முகம் இல்லாத ஊராகப் பார்த்துப் பிச்சைக்குப் போவதும் நடந்தது. இந்த ஞாயிறன்றுதான் முதல் கிழங்கைத் தோண்டுவது. அதற்கு முன் தோண்டினால் குடும்பம் நடத்தத் தெரியாதவன் என்று ஊர் பேசும். பஞ்சம் வந்தபிறகு நடந்த கதை இல்லை இது, நல்ல வருடத்திலேயே இப்படித்தான்.

மதியம் டூலாக் ஏரிப் பாதை. இரண்டு பக்கமும் செங்குத்தாக மலை, நடுவில் கறுத்த தண்ணீர், ஒரே ஒரு தார்ச்சாலை. 1849 மார்ச் 30-ஆம் தேதி, நிவாரணம் வாங்கிவந்தவர்கள் லூயிஸ்பர்க்கில் கூடினார்கள். பெயரைச் சரிபார்க்க வேண்டிய அதிகாரிகள் அங்கே வரவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்குள் டெல்ஃபி வேட்டை மாளிகைக்கு வந்து சேருங்கள், வராதவர் பெயர் அடிக்கப்படும் என்று சொல்லி அனுப்பினார்கள். பன்னிரண்டு மைல். அப்போது இங்கே ஒழுங்கான சாலைகூட இல்லை, ஆட்டுத்தடம்தான். இரவோடு இரவாக ஈரத்திலும் குளிரிலும் நடந்தார்கள். போய்ச் சேர்ந்தபோது துரைமார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், காத்திருக்கச் சொன்னார்கள் என்பது ஊரார் சொல்லும் கதை. கடைசியில் வெறுங்கையோடு திருப்பி அனுப்பினார்கள். திரும்பும் வழியில் விழுந்தார்கள். அன்றைய பத்திரிகைக்கு வந்த ஒரு கடிதம் ஏழு உடல்கள் என்கிறது. ஊர்வாயில் எண்ணிக்கை நூறுகளில் போகிறது.

ஏரிமேட்டில் கல் சிலுவை ஒன்று நிற்கிறது. இன்னொரு நினைவுக்கல்லில் காந்தியின் வாக்கியம். சக மனிதரை இழிவுபடுத்துவதில் மனிதர்கள் எப்படிப் பெருமை காண்கிறார்கள் என்று அவர் வியந்தது. மேயோ மாவட்டத்து மலைக்காட்டில் இவரை எதிர்பார்க்கவில்லை. டெல்ஃபி மாளிகை இப்போது தங்கும் விடுதி, சால்மன் மீன் பிடிக்க வருகிறவர்களுக்கு.

எல்லோரும் கேட்கும் கேள்வியைச் செல்வாவும் கேட்டார். "ஏன் அண்ணே, சுத்திவரக் கடல். மீனைப் பிடிச்சுத் தின்னிருக்கலாம்தானே?" கில்லரி கடற்கழியைக் காட்டினேன். இந்தப் பக்கத்துப் படகு மெல்லிய மரச்சட்டத்தில் தோலோ தாரடித்த துணியோ போர்த்திய கரக். அட்லாண்டிக் குளிர்கால அலைக்கு அது தாங்காது. மீன் கூட்டமோ ஆழத்தில். உப்பு வாங்கக் காசில்லை. முதல் பசியிலேயே வலையை அடகு வைத்துவிட்டார்கள். கால்வே நகரத்து மீனவர்களே அப்படிச் செய்தார்கள். எதிர்ச் சரிவில் வெயில் சாய்ந்து விழுந்தபோது புல்லுக்கடியில் வரிவரியாக மேடும் பள்ளமும் தெரிந்தன. அன்று கிழங்கு நட்ட பாத்திகள். மண்ணே இல்லாத உயரம்வரை ஏறியிருக்கிறார்கள். அதற்கு மேல் வெறும் பாறை.

திங்கள், கூல் பார்க்

கால்வே மாவட்டத்தில் கார்ட் ஊரை ஒட்டி. இலக்கியக்காரர்கள் நாடகாசிரியை சீமாட்டி கிரெகரிக்காக இங்கே வருகிறார்கள். ஒரு மரத்தில் அந்தக் கால எழுத்தாளர்கள் செதுக்கிய பெயரெழுத்துகளைத் தேடி அண்ணாந்து பார்க்கிறார்கள். வீடு இல்லை, 1941-இல் இடித்துவிட்டார்கள். அடித்தளம் மட்டும் கிடக்கிறது.

நான் வந்தது அம்மையாரின் கணவருக்காக. வில்லியம் கிரெகரி. 1847-இல் இளம் நாடாளுமன்ற உறுப்பினர். ஏழைகள் சட்டத்தைத் திருத்தும்போது அவர் ஒரு பிரிவைச் சேர்த்தார்: கால் ஏக்கருக்குமேல் நிலம் வைத்திருப்பவனுக்கு நிவாரணம் கிடையாது. நம் கணக்கில் 25 சென்ட். பிள்ளைகளுக்குக் கஞ்சி வேண்டுமென்றால் குத்தகை நிலத்தை விட்டுக்கொடு. விட்டுக்கொடுத்தவன் வீட்டுக் கூரையைக் காரியஸ்தரின் ஆட்கள் அன்றே பிரித்துவிடுவார்கள், திரும்பி வந்து குடியேறக்கூடாது என்று. நிலத்தை விடாமல் பட்டினி கிடந்து செத்தவர்கள் ஏராளம். ஒரே ஒரு சட்டப்பிரிவு இத்தனை பேரை வீட்டைவிட்டு விரட்டிய கதை வேறெங்கும் நான் படித்ததில்லை. இத்தனைக்கும் இவருடைய தந்தை அதே ஆண்டில் குடியானவர்களுக்கு உதவப் போய், தொற்றிய காய்ச்சலில் இறந்தார். பண்ணையை வாங்கிய கொள்ளுத்தாத்தாவோ கிழக்கிந்தியக் கம்பெனியில் சம்பாதித்தவர். நம் பக்கத்துப் பணம்.

இதே கிரெகரி 1872-இல் இலங்கைக்கு ஆளுநராகப் போனார். கொழும்பு அருங்காட்சியகம் அவர் கட்டியது, வாசலில் சிலையாக நிற்பதும் அவர்தான். நுவரெலியாவில் ஏரி வெட்டியதும் அவர் காலம். கிரெகரி ஏரி. இதைச் சொன்னதும் செல்வா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"எங்கட கிரெகரி வாவியா? சின்ன வயசில அந்தக் கரையில குதிரைச் சவாரி பாத்துக்கிட்டு நின்னிருக்கேன் அண்ணே. தாத்தா சொல்லுவார், நல்ல துரை, ரோடு போட்டவர்னு."

அவருடைய முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து காப்பித் தோட்டத்துக்கு நடந்து போனவர்கள். கிரெகரி ஆளுநராக இருந்த ஆண்டுகளிலும் அந்த வழியில் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

சென்னைக்கும் ஓர் ஆள் வந்தார். சார்லஸ் ட்ரெவெல்யன். லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்து அயர்லாந்துப் பஞ்ச நிவாரணத்துக்கான பணப்பையின் வாயைக் கட்டிவைத்திருந்தவர். இலவசமாகச் சோறு போட்டால் சனங்கள் கெட்டுப்போவார்கள் என்பது அவர் கட்சி. பஞ்சமே கடவுள் சித்தம் என்றுகூட எழுதினார். 1848-இல் சர் பட்டம் கொடுத்தார்கள். 1859-இல் சென்னை மாகாண ஆளுநர். சென்ட்ரல் பக்கம் இருந்த பீப்பிள்ஸ் பார்க் அவர் யோசனை. மறு வருடமே பதவி போயிற்று. இந்தியர்கள்மேல் புதிதாக வருமான வரி போடுவதைப் பகிரங்கமாக எதிர்த்ததுதான் குற்றம்! நமக்காக வேலையை இழந்த மனிதரும் அயர்லாந்தில் இன்றும் திட்டு வாங்குகிற மனிதரும் ஒருவரே. இதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. செல்வா மட்டும் மாலைவரை "ரோடு போட்டவர்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

செவ்வாய், டன்க்வின்

காற்று. படகு விடவில்லை. எதிரே கிரேட் பிளாஸ்கெட் தீவு தெளிவாகத் தெரிகிறது, கைநீட்டினால் தொடலாம்போல. வளைந்து வளைந்து இறங்கும் படகுத்துறைவரை போய்விட்டுத் திரும்பினோம். கரையில் இருக்கும் பிளாஸ்கெட் மையத்தில் பாதி நாள் போனது.

அந்தத் தீவில் கடை இல்லை, பாதிரியார் இல்லை, மருத்துவர் இல்லை. மரமும் இல்லை. ஆனால் முயல் இருந்தது, கடற்பறவை முட்டை இருந்தது, சிப்பியும் மீனும் இருந்தன. கிழங்கையே நம்பிய பெருநிலத்து ஊர்களைவிடத் தீவுக்காரர்கள் பஞ்சத்தை நன்றாகவே சமாளித்தார்கள். அவர்களை முடித்தது வேறு விஷயம். இளைஞர்கள் அமெரிக்கா போய்க்கொண்டே இருந்தார்கள். படகு வலிக்கக் கை இல்லாமல் போனது. 1946 டிசம்பரில் ஓர் இளைஞனுக்கு மூளைக்காய்ச்சல், கொந்தளிப்பில் கரைக்குக் கொண்டுபோக முடியாமல் இறந்தான். 1947 ஏப்ரலில் பிரதமர் டி வலேராவுக்குத் தீவிலிருந்து ஒரு தந்தி: புயலில் சிக்கியிருக்கிறோம், உணவு அனுப்புங்கள், தின்ன ஒன்றுமில்லை. நாம் சுதந்திரம் வாங்கிய ஆண்டு அது. 1953 நவம்பரில் மிச்சமிருந்தவர்களை அரசாங்கமே கரைக்குக் கொண்டுவந்து குடியமர்த்தியது.

புதன், மக்ராஸ்

கில்லார்னியில் சுற்றுலாக் கூட்டம் தாங்கவில்லை. குதிரை வண்டிக்காரர்களைத் தாண்டி மக்ராஸ் பழைய பண்ணைகளுக்குப் போனோம். 1930, 40-களின் கிராமத்து வீடுகளை அப்படியே வைத்து, அடுப்பை நிஜமாகவே எரிக்கிறார்கள்.

ஒரு வீட்டில் வயதான அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். அடுப்பு தரையோடு தரையாக, எரிவது சதுப்பு நிலத்திலிருந்து வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டி. மாவு, உப்பு, சோடா உப்பு, மோர், அவ்வளவுதான். மோரை நடுவில் ஊற்றி, விரல்களை விரித்து ஒரே பக்கமாக நாலு சுற்று. பிசையவே இல்லை. பிசைந்தால் கல்லாகிவிடுமாம். உருண்டையைத் தட்டி மேலே கத்தியால் சிலுவைக் கீறல். மூன்று கால் இரும்புச் சட்டியில் வைத்து மூடி, மூடியின்மேல் இடுக்கியால் தணல் துண்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். கீழேயும் நெருப்பு, மேலேயும் நெருப்பு. முக்கால் மணி நேரம் கழித்துச் சட்டியைத் திறந்து, ரொட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்த்தார். காலிப் பெட்டியைத் தட்டியதுபோலச் சத்தம். வெந்துவிட்டது. உப்பு வெண்ணெய் தடவிக் கொடுத்தார். வெண்ணெய் ரொட்டியின் கனத்துக்குப் பாதி இருந்தது.

இந்தச் சோடா ரொட்டியைத்தான் அயர்லாந்தின் ஆதி உணவு என்று சொல்கிறார்கள். ஆதியெல்லாம் இல்லை, சோடா உப்பே 19-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. பஞ்சத்துக்கு முந்தைய கூலிக்காரன் வீட்டில் ரொட்டி என்பதே அபூர்வம். மூன்று வேளையும் கிழங்கு. வேலை செய்கிற ஆண் நாளொன்றுக்கு ஐந்து, ஆறு கிலோ தின்றான். நம்ப முடியவில்லை என்றால் வேறு எதுவுமே தட்டில் இல்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இரும்புப் பானையில் தோலோடு வேகவைத்து, பானை வாய்மேல் வைத்த பிரம்புக் கூடையில் தண்ணீரை வடித்துக் கொட்டுவார்கள். குடும்பம் கூடையைச் சுற்றி உட்காரும். நடுவில் மோர்க் கிண்ணம். மோரும் இல்லாத நாளில் உப்புத் தண்ணீர். கட்டைவிரல் நகத்தை நீளமாக வளர்த்துத் தோலுரித்தார்கள். வேண்டுமென்றே நடுப்பகுதியை அரைவேக்காட்டில் விடுவதும் உண்டு, எலும்புள்ள கிழங்கு என்பார்கள். வயிற்றில் கனமாக உட்கார்ந்து அடுத்த வேளைவரை தாங்கும்.

ஒரு வேடிக்கைப் பேச்சும் இருந்தது. கூரையிலிருந்து ஒரே ஒரு கருவாட்டைத் தொங்கவிட்டு, எல்லோரும் கிழங்கை அதன் பக்கம் நீட்டிக் காட்டிவிட்டுத் தின்பார்களாம். நான் இதைக் கதை என்றுதான் நினைத்திருந்தேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "என் பாட்டி வீட்டில் கருவாடு நிஜமாகவே தொங்கும். அதில் முதல் உரிமை அப்பாவுக்கு, பிறகு தம்பிகளுக்கு. எங்களுக்கு வாசனை" என்றார்.

கிழங்கும் மோரும் சேர்ந்தால் சத்துக் குறைவே இல்லை. ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது அயர்லாந்து இளைஞர்கள் ஆங்கிலேயர்களைவிட உயரமாக இருந்தார்கள். கெட்டது கிழங்கில் இல்லை. அதே வீட்டில் பன்றி வளர்ந்தது, கோழி முட்டையிட்டது, மாடு வைத்திருந்தவன் வெண்ணெய் கடைந்தான், பக்கத்து வயலில் ஓட்ஸும் கோதுமையும் விளைந்தன. எதையும் அவர்கள் தின்னவில்லை. எல்லாம் குத்தகைக்கு. பன்றிக்குக் குத்தகை கட்டும் பெரிய மனிதர் என்றே செல்லப்பெயர். கிழங்கு செத்த வருடம் அந்தப் பன்றிக்கும் தீனி இல்லை. அதை விற்றால் குத்தகை நிற்கும், தின்றால் வீடு போகும்.

பஞ்சம் முடிந்து ஒரு தலைமுறைக்குப் பிறகும் இந்தப் பழக்கம் விடவில்லை. தன் வீட்டுப் பன்றியை நல்ல விலைக்கு விற்றுவிட்டு, அமெரிக்காவிலிருந்து வந்த மலிவான கொழுப்பு பேக்கனைக் கடையில் வாங்கித் தின்ற குடியானவர்கள் நிறைய. பன்றி அடித்தால் மட்டும் ஒரு நாள் திருவிழா. குடலை ஓடையில் கழுவி இரத்தத்தில் புட்டிங் செய்வது, நல்ல துண்டுகளை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்புவது, மிச்சத்தை உப்பில் ஊறவைத்துப் புகைபோக்கிப் பக்கம் தொங்கவிடுவது. கொடுத்தனுப்பிய வீட்டிலிருந்து அடுத்த மாதம் திரும்பி வரும். குளிர்பெட்டி இல்லாத ஊரில் பக்கத்து வீடுதான் குளிர்பெட்டி.

வியாழன், ஸ்கிபரீன்

அபிஸ்ட்ரூரி கல்லறைத் தோட்டம் ஊருக்கு வெளியே ஆற்றோரம். ஒரு புல்தரை, அவ்வளவுதான். அதற்கடியில் எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் பேர். அடிப்பலகை கழன்று விழும் சவப்பெட்டியில் கொண்டுவந்து, குழிக்குமேல் திறந்துவிட்டு, அதே பெட்டியை அடுத்தவருக்கு எடுத்துப் போனார்கள்.

ஊர் அருங்காட்சியகத்தில் நான் குறித்துக்கொண்டது ஒன்றுதான். 1846 டிசம்பரில், சாலையோரத்தில் மனிதர்கள் செத்துக்கொண்டிருந்த அதே வாரங்களில், ஸ்கிபரீன் சந்தையில் இறைச்சி, ரொட்டி, மீன் எல்லாம் நிறையக் குவிந்திருந்ததாக ஓர் அதிகாரி மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார். பொய்யில்லை. அரசாங்கச் சாலை வேலையில் நாள் முழுக்கக் கல் உடைத்தால் எட்டு பென்ஸ், பனி பெய்தால் அதிலும் குறைவு. மாவு விலை வாரத்துக்கு வாரம் ஏறியது. கல் உடைத்துப் போட்ட சாலைகளில் சில எங்கேயும் போய்ச் சேராமல் மலையிலேயே முடிகின்றன.

ஓர் உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கப்பல் கப்பலாக உணவு வெளியே போனது என்பது பாதிக் கதை. 1847-இல் வெளியே போன தானியத்தைவிட உள்ளே வந்த அமெரிக்க மக்காச்சோளம் அதிகம். ஆனால் கிழங்கு அழுகிய 1846 இலையுதிர்காலத்துக்கும் சோளம் பெருமளவில் வந்து இறங்கிய 1847 வசந்தத்துக்கும் நடுவே ஒரு குளிர்காலம் இருந்தது. ஓட்ஸ் வெளியே போனது அந்த இடைவெளியில். வந்த சோளமும் கல் மாதிரி. இரண்டு முறை அரைக்க வேண்டும், அதற்கு இங்கே ஆலை போதவில்லை. அரைகுறையாக வேகவைத்துத் தின்றவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. மஞ்சள் நிறத்தைப் பார்த்து, முதலில் சோளத்தை வரவழைத்த பிரதமர் பீலின் கந்தகம் என்று பெயர் வைத்தார்கள். பசி பழக்கிவிட்டது. பிற்பாடு அதே மஞ்சள் மாவுக்களி ஏழை வீட்டு அன்றாடச் சாப்பாடாகிவிட்டது.

வெள்ளி, கார்க்

ஷாண்டன் மணிக்கூண்டுக்குக் கீழே வெண்ணெய் அருங்காட்சியகம். சின்னது, ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம், ஆனால் இதைத் தவறவிடக்கூடாது. 1770 முதல் 1924 வரை இங்கே வெண்ணெய்ச் சந்தை நடந்தது. உலகத்திலேயே பெரியது என்ற காலமும் இருந்தது. கெரி மலைகளிலிருந்து குதிரைமேல் மரப்பீப்பாய்கள் வரும், அதற்கென்றே சாலைகள் போட்டார்கள். தரம் பார்க்கிறவர் நீண்ட குழல் கருவியை வெண்ணெய்க்குள் அடிவரை குத்தி எடுத்து, நிறம் பார்த்து, முகர்ந்து, ருசித்துத் தரம் போடுவார். முத்திரை குத்திய பீப்பாய் மேற்கிந்தியத் தீவுகள்வரை கப்பலேறும். கடைந்த பெண் தன் பிள்ளைக்கு ஊற்றியது மோர். அந்த மோரும் கிழங்கும்தான் முன்பு சொன்ன சத்தான சாப்பாடு.

சதுப்பு நிலத்தில் புதைத்து வைத்து மறந்துபோன ஆயிரம் வருடத்து வெண்ணெயும் ஒரு கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. நிறம் பழைய மெழுகு. யாரும் ருசி பார்க்கக் கேட்கவில்லை.

மதியம் இங்கிலீஷ் மார்க்கெட். 1788-இல் தொடங்கிய மூடு சந்தை. இப்போது ஆலிவும் பாலாடைக்கட்டியுமாகப் பளபளக்கிறது. ஓரத்துக் கடைகளில் பழைய கார்க் இன்னும் மிச்சம்: பன்றிக்கால், உப்புக்கண்டம் போட்ட விலா, குடல், டிரிஷீன். இந்தத் துறைமுகத்திலிருந்து உப்பிட்ட மாட்டிறைச்சி கப்பல் படைக்கும் தோட்டங்களுக்கும் பீப்பாய் பீப்பாயாகப் போனது. நல்ல கறி கப்பலேற, தலை, கால், குடல், இரத்தம் ஊரில் தங்கியது. ஏழைகள் அதைச் சமைக்கக் கற்றுக்கொண்டார்கள். புதிதாக இட்ட முட்டைக்கு உள்ளங்கையில் வெண்ணெய் தடவி ஓட்டின் துளைகளை அடைத்து வாரக்கணக்கில் வைத்திருக்கும் முட்டையும் விற்கிறார்கள். வாங்கிப் பார்த்தேன், ஓடு பளிங்கு மாதிரி வழுக்குகிறது.

டிரிஷீன் என்பது ஆடு, மாட்டு இரத்தத்தைக் குடலில் அடைத்து வேகவைத்தது. மாவு கிடையாது. பாலும் வெங்காயமும் போட்டு வேகவைத்த குடல்கறியோடு தட்டில் வந்தது. குடல் நன்றாக இருந்தது. மிளகுத்தூள் இரண்டு முறை கேட்டு வாங்கினேன். டிரிஷீன் வாயில் ஜெல்லிபோல நழுவுகிறது, நம்மூர் இரத்தப் பொரியலின் தேங்காயும் காரமும் இல்லாமல் என் நாக்கு அதை ஏற்கவில்லை. இருந்தாலும் முடித்தேன். பரிமாறிய பெண்ணிடம், இதையெல்லாம் யார் வாங்குகிறார்கள் என்று கேட்டேன். வயதானவர்கள், பிறகு உங்களைப்போல எழுதுகிறவர்கள் என்றார். செல்வா சிப்ஸ் வாங்கிக்கொண்டார்.